371-ஆம் வரிக்கு ‘ம்’ வரவில்லை

இது நடந்தது. தேதி இருக்கிறது: 1967 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. நேரமும் நிமிஷக் கணக்கில் இருக்கிறது. ராஜலக்ஷ்மிக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அன்று ஒரு கட்டத்துக்குப் பிறகு அதைத் தவிர வேறு எந்தப் பக்கமும் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆபீஸின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். செம்பூரில் இருந்த ஒரு கட்டுமானக் கம்பெனி, அவ்வளவுதான். பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில், மழை பெய்துகொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே போட்டிருந்த ஒரு மேஜையில் நடந்தது.

ராஜலக்ஷ்மிக்கு அப்போது இருபத்து நாலு வயது. வீடு மாட்டுங்காவில். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்து, அந்தக் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கெட்டிக்காரி. ஆனால் வாய் கொஞ்சம் ஓயாது. எதைச் சரிபார்த்தாலும் உரக்கப் படித்துத்தான் சரிபார்ப்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். பழக்கத்தை அவளால் விட முடியவில்லை.

ஷிவ்ரியில் கட்டவிருந்த ஒரு கோடவுனுக்கு எட்டுத் தூண்கள். ஒவ்வொரு தூணும் கூரையின் பாரத்தையும் காற்றின் வேகத்தையும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று மெஷின் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அந்தப் புரோகிராமை ஃபோர்ட்ரானில் எழுதியது ராஜலக்ஷ்மி. ஏழு தூணுக்குச் சரியாக வந்தது. எட்டாவது தூண்தான் கடலைப் பார்த்த தூண், காற்று முழுக்க அதன் மேல்தான் அடிக்கும். கையால் போட்டுப் பார்த்தால் 41 டன் வந்தது. மெஷின் 29 டன் என்றது. ஏழாவது தூணுக்கு என்ன எண்ணோ அதே எண், கடைசிப் புள்ளி வரை.

தன் புரோகிராமை ஒன்பது தடவை பார்த்துவிட்டாள். அதில் தப்பு இல்லை.

மெஷினுக்கு ஃபோர்ட்ரான் புரியாது. கம்பைலர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. நாம் எழுதியதை அது மெஷினுக்குப் புரிகிற சின்னச் சின்ன உத்தரவுகளாக மாற்றித் தரும். கேட்டால் அந்த உத்தரவுகளை வரிசையாகத் தாளில் அச்சடித்தும் தரும். அதற்குப் பெயர் அசெம்பிளி லிஸ்டிங். தப்பு தன்னிடம் இல்லையென்றால் கம்பைலரிடம் இருக்க வேண்டும் என்று ராஜலக்ஷ்மிக்குத் தோன்றியது. சனிக்கிழமை சாயங்காலம் செக்ஷன் தலைவர் பஞ்சாபகேசனிடம் போய்ச் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கம்பைலர் தப்பு பண்றதுன்னு சொல்றியா? அமெரிக்காக்காரன் எழுதினது. நீ சேர்ந்து பத்து மாசம் ஆறது.”

“லிஸ்டிங்கை வரி வரியாப் பாத்தாத் தெரிஞ்சுடும், சார்.”

“திங்கக்கிழமை பத்து மணிக்கு டிராயிங் சைட்டுக்குப் போறது. கணக்குல நீதான் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள தப்பைக் கொண்டுவந்து காட்டு. இல்லேன்னா பேசாமக் கையெழுத்தைப் போடு.”

அப்படித்தான் அவள் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போனாள்.

மத்தியானம் 1.40-க்குக் கேட்டில் நுழைந்தாள். வாட்ச்மேன் சிவனாண்டி, தாராவியில் இருப்பவர், மாடிச் சாவியைக் கொடுத்தார். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ஏ.சி. ஓடவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ரூம் இருட்டாகக் கிடந்தது. அதன் கதவு பூட்டியிருந்தது. சாவி ஆபரேட்டர் ஜஹாங்கீரிடம், அவன் வீட்டில். மழைச் சத்தம் மட்டும்தான்.

லிஸ்டிங்கை மேஜையில் விரித்தாள். மொத்தம் 684 வரி. ஒவ்வொரு வரியிலும் ஓர் உத்தரவு, பக்கத்தில் மெஷினுக்குள் அந்த எண் இருக்கும் இடத்தின் நம்பர். இடது பக்கம் தன் ஃபோர்ட்ரான் தாள். 2.10-க்கு முதல் வரியைப் படித்தாள்.

“ஒண்ணு. லோட், நானூத்திப் பதினேழு. ரெண்டு. ஸ்டோர், நானூத்தி இருபது...”

இருபது வரி போல ஆனபோதுதான் கவனித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஏதோ ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. குழாயில் காற்று அடைத்தது போல. மழைத்தண்ணீர் எங்கோ சொட்டுகிறது என்று நினைத்தாள்.

“இருபத்து நாலு. கூட்டு, நானூத்தி முப்பது.”

“ம்.”

அவள் நிமிர்ந்தாள். மணி 2.14.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. யாரும் இல்லை. ராஜலக்ஷ்மி தன்னைத் தானே கடிந்துகொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள்.

“இருபத்தஞ்சு. ஸ்டோர், நானூத்தி முப்பத்தொண்ணு.”

“ம்.”

ஆண் குரல். கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த ‘ம்’. அவசரமில்லாத, கவனமான ‘ம்’. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆனால் ஒரு மனிதன் நிற்கும் உயரத்திலிருந்து வரவில்லை, உட்காரும் உயரத்திலிருந்தும் வரவில்லை. தரையோடு தரையாக, கீழேயிருந்து வந்தது.

“ஜஹாங்கீர்? கோன் ஹை? யாரது?”



எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மெஷின், பிரிண்டர், நாற்காலி. தரையில் ஒன்றும் இல்லை.

போயிருக்கலாம். அப்போதே போயிருக்கலாம் என்று பின்னால் நூறு தடவை சொன்னாள். ஆனால் திங்கட்கிழமை பத்து மணி அவள் மண்டைக்குள் நின்றது. எட்டாவது தூண் நின்றது. பிரமை என்று சொல்லிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். மனசுக்குள் படிக்கலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. உதடு தானாக அசைந்தது.

ஐம்பது. நூறு. நூற்றைம்பது. ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’.

210-ஆம் வரியில் ஒரு சோதனை செய்தாள். தாளில் இருந்தது 433. வேண்டுமென்றே 438 என்று படித்தாள்.

சத்தம் இல்லை.

பத்து விநாடி... இருபது விநாடி... மழை மட்டும்.

“நானூத்தி முப்பத்து மூணு,” என்றாள். 

“ம்.”

 அது வெறுமனே ‘ம்’ கொட்டவில்லை. அதற்குத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

மணி 3.04. வரி 371.

“முன்னூத்தி எழுபத்தொண்ணு. லோட், நானூத்தி அறுபது, இன்டெக்ஸ் மூணு.”

‘ம்’ வரவில்லை.

மறுபடி படித்தாள். எழுத்துக்கு எழுத்து தாளில் இருந்ததையே படித்தாள்.

வரவில்லை.

அப்போதுதான் தாளை உற்றுப் பார்த்தாள். இடது பக்கத்து ஃபோர்ட்ரானைப் பார்த்தாள்.  எந்தத் தூண் என்று மெஷின் குறித்து வைத்துக்கொள்ளும் இடம்தான் இன்டெக்ஸ்; கடைசித் தூணுக்கு வரும் இந்த இடத்தில் அதில் எட்டு என்று புதிதாக ஏற்றியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி, 371-க்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். கம்பைலர் அதைப் போடாமல் விட்டிருந்தது. கடைசித் தூண் வரும்போது மெஷின் ஏழாவது தூணின் எண்ணையே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது.

கண்டுபிடித்துவிட்டாள். சிவப்புப் பென்சிலால் சுழித்தாள். ஒரு நிமிஷம் பயம்கூட மறந்துபோயிற்று. போதும், இனி வீட்டுக்குப் போகலாம் என்று லிஸ்டிங்கை மூடினாள்.

“ம்...”

இந்தத் தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம். மேஜைக்குக் கீழே, அவள் காலடியில்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துக் கிடந்தது.

“ம்...”

இழுத்து, மூச்சு வாங்கி, எதற்கோ கெஞ்சுவது போல. அவளுக்கு அது ‘மேலே படி’ என்று கேட்டது.

அவள் படிக்க நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

“முன்னூத்தி எழுபத்து ரெண்டு...”

அவள் குரல்தான். அவள் வாய்தான். ஆனால் படிப்பது அவள் இல்லை.

கையால் வாயை மூடினாள். விரலுக்கு அடியில் உதடு அசைந்தது.

“ம்.”

நானூறு... நானூற்றைம்பது... கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 3.15... 3.22...

“ம்.”

ஐந்நூறு. கண்ணில் நீர் வழிந்தது. குரலில் அழுகை இல்லை. குரல் நிதானமாக இருந்தது.

“ம்.”

அறுநூறு.

“ம்.”

3.47. “அறுநூத்து எண்பத்து நாலு. எண்ட்.”

“ம்.”

வாய் நின்றது. கால் வந்தது. தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். பாதிப் படியில் மேலேயிருந்து கேட்டது.

“ம்...”

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி.

“ம்...”

படிக்க யாரும் இல்லாத மாடியில், யாரோ படிப்பதைக் கேட்பது போல அது ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தது.

கேட்டில் சிவனாண்டி இல்லை. ரவுண்டு போயிருந்தார். குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை காலை 9.10. கேட்டில் சிவனாண்டி அவளை நிறுத்தினார்.

“என்னம்மா, நேத்து சாவியக் குடுக்காமலே போயிட்டிய? அம்புட்டு நேரம் கழிச்சுப் போறவுக ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகப்படாதா?”

“எவ்வளவு நேரம்?”

“ஆறு இருவது வரைக்கும் படிச்சிக்கிட்டுல்லா இருந்திய. அஞ்சு மணிக்குப் பூட்டணும்னு வந்தேன். ஒங்க சத்தம் கேட்டிச்சு. அம்மா, அம்மான்னு கூப்புட்டேன். நீங்க பாட்டுக்குப் படிச்சிய. சரி, வேல முடியட்டும்னு படியிலயே ஒக்காந்துட்டேன். ஆறு இருவதுக்குச் சத்தம் நின்னுச்சு. உள்ள போய்ப் பாத்தா ஆளக் காணும்.”

ராஜலக்ஷ்மி அங்கிருந்து ஓடியது 3.47-க்கு.

“நம்பர்தானே படிச்சேன்?”

“நம்பரு எங்க? பேரும்மா. நாலே பேரு. அதையே திருப்பித் திருப்பி. தங்கசாமி, நயினார், அபுதாஹிர், பூமாரி. மறுபடியும் தங்கசாமி, நயினார்... எனக்கே பாடமாயிட்டு. யாரும்மா அவுகள்லாம்?”

அந்த நாலு பெயரில் ஒருவரையும் ராஜலக்ஷ்மிக்குத் தெரியாது.

பஞ்சாபகேசனிடம் குரலைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். தாளை மட்டும் காட்டினாள். சிவப்பில் சுழித்த 371-ஆம் வரியை அவர் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி வடாலாவுல நம்ம கோடவுன் ஒண்ணு விழுந்தது. நோக்குத் தெரியாது, நீ அப்புறம்தான் சேர்ந்தே. அதுலயும் கடைசித் தூண்தான். இதே கம்பைலர்.”

“யாராவது செத்துப் போயிட்டாளா, சார்?”

அவர் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். “நாலு பேர். கட்டட வேலைக்காரா. தங்கசாமி, நயினார்...”

மீதி இரண்டு பெயரையும் அவர் படிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

“யார் மேல பழி போட்டா?”

“செக்கிங் கிளார்க் மேல. வானமாமலைன்னு ஒருத்தர். திருநெல்வேலிப் பக்கம். ரொம்ப நறுவிசான மனுஷன். நாங்க படிக்கப் படிக்கக் கண்ணை மூடிண்டு கேட்பார். சரியா இருந்தா ‘ம்’ம்பார். தப்புன்னா சத்தமே வராது. அவர் ‘ம்’னுட்டா அப்புறம் பார்க்க வேண்டாம். அந்தக் கணக்குல அவர் கையெழுத்து இருந்தது. நான் பார்த்ததுல தப்பே இல்லைன்னு கடைசி வரைக்கும் சொன்னார். யாரும் நம்பலை. நானும்தான். இந்த லிஸ்டிங்கை அன்னிக்கு எவனும் எடுத்துப் பார்க்கலை.”

“இப்ப எங்கே இருக்கார்?”

“வேலை போச்சு, அந்த வாரமே பக்கவாதம் வந்துடுத்து. கூலிக்காரா குடியிருக்கற மாட்டுங்கா லேபர் கேம்ப்புல கிடக்கறார்னு கேள்வி. பேச்சு போயிடுத்து.”

அப்படியானால் உயிரோடு இருக்கிறார்... உயிரோடு இருக்கிற மனிதரின் குரலா அது?

“சார், அவர் மேல தப்பு இல்லேன்னு எழுதிக் குடுக்கலாமே.”

“எழுதினா அது கம்பெனி மேல வரும்.” ஃபைலைக் கட்டினார். “உன் புரோகிராமை வேற விதமா மாத்தி எழுது. எட்டாவது தூண் சரியா வந்தாப் போறும். டிராயிங்கை நாலு நாள் நான் நிறுத்தி வைக்கிறேன். பழசை விட்டுடு.”

மாற்றி எழுதினாள். எட்டாவது தூணுக்கு 41 வந்தது. கையெழுத்துப் போட்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பேச முடியாவிட்டால் என்ன, காது கேட்குமே. உங்கள் மேல் தப்பு இல்லை, இதோ தாள் என்று காட்டினால் புரிந்துகொள்வாரே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 23-ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போனாள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒற்றை அறை. சுவரோரமாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெறுங்கழுத்தோடு ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி ஆறுமுகத்தாய்.

“நான் செம்பூர் ஆபீஸ்லேர்ந்து வரேன். வானமாமலை சாரைப் பாக்கணும்.”

“பிந்திட்டியளேம்மா. போன ஞாயித்துக்கிழம போயிட்டாக.”

ராஜலக்ஷ்மி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த தாளை நீட்டினாள். அவர் மேல் தப்பே இல்லை, இது மெஷின் தப்பு என்று திக்கித் திணறிச் சொன்னாள். ஆறுமுகத்தாய் தாளை வாங்கவில்லை.

“இனி யாருக்கும்மா அது?”

சுருட்டி வைத்திருந்த ஒரு பாயைக் காட்டினாள்.

“ரெண்டு வருசமா அந்தப் பாயிலதான் கெடந்தாக. ‘ம்’ மட்டுந்தான் வரும். அன்னைக்கு மத்தியானம் கஞ்சியக் குடுத்துட்டுத் திரும்புதேன், ‘ம்’ங்காக. தண்ணி வேணுமான்னேன். என்னப் பாக்கல. அந்த மூலையப் பாத்துக்கிட்டே ‘ம்’ங்காக. விட்டு விட்டு, ‘ம்’, ‘ம்’. யாரோ படிச்சுக் காட்டுத மாதிரி.”

“எத்தனை மணிக்கு?”

“ரெண்டு, ரெண்டேகால் இருக்கும். மூணு மணிக்குச் சித்த நின்னுச்சு. அப்ப அவுக கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. சந்தோசமா சங்கடமான்னு எனக்குத் தெரியல. மறுபடி ஆரம்பிச்சிட்டு. நாலு மணிக்கு மேல ரொம்பப் பயந்துட்டாகம்மா. கண்ணு ரெண்டும் பிதுங்கிட்டு. மாட்டேன் மாட்டேன்னு தலைய ஆட்டுதாக, வாயில ‘ம்’ வருது. நிக்கவே இல்ல. நான் வாயப் பொத்தினேன். என் கைக்குள்ளயே ‘ம்’ங்காக.”

“நாலு மணிக்கு மேலயா?” என்றாள் ராஜலக்ஷ்மி.

“ஆறு இருவதுக்குப் பேச்சு வந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு. நல்லாத் தெளிவா வந்துச்சு. ஒரு பொம்பள பேரச் சொல்லி, போதும், நிறுத்து, நான் இல்லன்னாக. அதோட சரி. எனக்குத் தெரிஞ்சு அந்தப் பேருல அவுகளுக்கு யாரையும் தெரியாது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஒங்க பேரு என்னம்மா?”

பொய் சொல்லியிருக்கலாம். ராஜலக்ஷ்மி உண்மையான பெயரைச் சொன்னாள்.

ஆறுமுகத்தாய் கத்தவில்லை. அழவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அவுக ஒனக்கு என்ன தாயி கெடுதல் பண்ணுனாக?”